நம்பர் பிளேட்டின் மேல் ஒரு துண்டு

கண்ணா,

நேற்று நீ போனை வைத்த பிறகு நான் திரும்பக் கூப்பிடவில்லை. போனில் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், நடுவில் உன் அலுவலகத்தில் யாராவது கூப்பிடுவார்கள், "ம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். எழுதினால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். சொல்ல வந்ததை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அதனால் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் நீ ஒரு செய்தி எழுத வேண்டும். ஏன் என்பதற்குத்தான் மீதிப் பக்கங்கள். யார் பெயரையும் இதில் எழுதவில்லை. உன்னைத் தவிர வேறு யாராவது படிக்க நேர்ந்தாலும் நேரட்டும் என்றுதான் அப்படி விட்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை அப்பாவும் நானும் அழைப்பிதழ் கொடுக்கக் கிளம்பினோம். தபாலில் அனுப்பலாம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பலாம், ஆனால் சில வீடுகளுக்குத் தட்டோடு நேரில் போனால்தான் அழைத்ததாக அர்த்தம் என்பது உனக்குத் தெரியும். கோயிலுக்கு வைத்தாயிற்று, உன் தாய்மாமன் வீட்டுக்குப் போயாயிற்று, அடுத்து யார் என்று கேட்டதும் அப்பா யோசிக்காமல், "வேன்காரரு" என்றார். ஆறு வருஷம் உன்னைப் பள்ளிக்கு ஏற்றிப்போன அந்த அங்கிளை உனக்கு ஞாபகம் இருக்கும். ஆரஞ்சு வேன் போய் இப்போது வெள்ளை வேன் வைத்திருக்கிறார். நாங்கள் போனபோது அது போர்ச்சில் நின்றது. பின்பக்கத்து நம்பர் பிளேட்டை மூடிக்கொண்டு ஓர் ஈரத் துண்டு தொங்கியது. முன்பக்கத்தைச் சுவரோடு ஒட்ட நிறுத்தியிருந்தார். துணி காயப்போட அந்த வீட்டில் கொடி இல்லையா என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு மறந்துவிட்டேன்.

"டீச்சர், வாங்க வாங்க. சார், உள்ள வாங்க லா, வாசல்லயே நிக்கிறீங்க" என்று அவர் ஓடி வந்தார். அவர் மனைவி தட்டை இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, குங்குமம் எடுத்துக்கொண்டார். கோப்பி வந்தது, முறுக்கு வந்தது. நீ வேனில் வாந்தி எடுத்த கதையை அவர் சொல்ல, அந்த இருக்கையைத் தான் கழுவிய கதையை அவர் மனைவி சொல்ல, அப்பா நன்றாகச் சிரித்தார். அப்பாதான் பேச்சோடு பேச்சாக, "என்னண்ணே, ஸ்கூல் வேன் எல்லாம் எப்படி ஓடுது?" என்று கேட்டார். அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். அவர் கோப்பிக் கோப்பையைப் பார்த்தார்.

"நீங்க பாக்கலியா சார்? நான்தான் ஃபேமஸ் ஆளாச்சே. புள்ள கடத்துறவன்."

"இவரா கடத்துறது?" என்றார் அந்த அம்மாள். "வீட்டுப் பூனையைக் கூண்டுல அடைச்சு கிளினிக்குக் கொண்டு போகச் சொன்னா, அது கத்துதுன்னு தொறந்து விட்டுட்டு வந்து நிப்பாரு டீச்சர்."

அவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தேன், ஏனென்றால் அவர் எந்த வீடியோவைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ அனுப்பிய வீடியோதான். மழை, பள்ளி வாசல், எதிர்ப்பக்கத்திலிருந்து காருக்குள் உட்கார்ந்து யாரோ எடுத்தது. தொப்பி போட்ட ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, கத்தி அழுகிற ஒரு சின்னப் பெண்ணை இடுப்பில் பிடித்துத் தூக்கி வெள்ளை வேனுக்குள் வைத்துக் கதவை இழுத்து மூடுகிறார். முகம் தெரியவில்லை. வண்டி எண் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

அன்றைக்கு நடந்ததை அவர் சொன்னார். முதலாம் ஆண்டுப் பிள்ளை. தோழியின் காரில் போக வேண்டுமென்று அடம்பிடித்தது. அந்தப் பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரியில் தாதி. ஷிப்ட் முடிந்து வர நேரமாகும், நீங்களே கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்று தினமும் இவரிடம்தான் ஒப்படைப்பது. மழையில் பிள்ளை நனைகிறதே என்று தூக்கி வைத்தார். அவ்வளவுதான். சாயங்காலம் போலீஸ் வீட்டுக்கு வந்து அவரை அழைத்துப்போனது. தாதியே ஸ்டேஷனுக்கு ஓடிவந்து, இது என் மகள், இவர் எங்கள் வேன் அங்கிள் என்று சொல்லி, அவர்களும் மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். ஆனால் மறுநாள் வேனில் பாதி இருக்கை காலி. "நம்பாம இல்ல அங்கிள், வீட்டுக்காரரு பயப்படுறாரு" என்று ஒவ்வொரு தாயும் சொல்லியிருக்கிறார். சிக்னலில் நின்றபோது ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேன் எண்ணைப் படம் பிடித்தானாம். இப்போது தாதியின் மகளையும் இன்னும் சில பிள்ளைகளையும் ஏற்றுகிறார். மற்ற நேரத்தில் பாசார் கடைகளுக்குக் காய்கறி கொண்டுபோகிறார்.

பிறகு அவர் என்னிடம் திரும்பினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டீச்சர், நம்ம தம்பி இந்த நியூஸ் லைன்லதான இருக்காரு, பிரிக்பீல்ட்ஸ்ல? ஒரு சின்ன நியூஸ் போடச் சொல்லுங்களேன். பெரிசா வேணாம். அது கடத்தல் இல்ல, அவரு ஸ்கூல் வேன் ஓட்டுறவருன்னு ஒரு வரி. எவன் எவனோ போட்டான், எவன்கிட்ட போயி கேக்குறது? தம்பி போட்டா நம்புவாங்க லா."

நான் சரி என்றேன். வாசல்வரை வந்து, அப்பாவிடம் குரலைத் தாழ்த்தி, "சார், ஜெஞ்சாரோம் சொந்தக்காரங்கள நான்தான் ஏத்திக்கிட்டு ஸ்ரீ கெம்பாங்கான் மண்டபத்துக்கு வரேன்னு சொல்லியிருந்தேன். வேற வேன் பாத்துக்கிட்டாலும் நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்" என்றார். அப்பா, "என்னண்ணே பேச்சு இது, நீங்கதான் வரீங்க" என்றார். காரில் ஏறியபோது அந்தத் துண்டு எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

அந்த வீடியோவைப் போட்டதே நம் மகன்தான் என்று பாதி வழியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் காரை ஒரு கடை ஓரமாக நிறுத்தினார். "மொத நாளு ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்கு இருந்தது. நீ முதலாம் ஆண்டு சேர்ந்த முதல் நாள் அது. நான் ஊரின் மறுகோடியில் இருந்த பள்ளிக்கு ஓட வேண்டும், அப்பாவுக்குத் துறைமுகத்தில் காலை ஷிப்ட். நீ வீட்டு கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போக மாட்டேன்" என்று தாமான் வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். அந்த அங்கிள்தான் இறங்கி வந்து, உன் விரலை ஒவ்வொன்றாக விடுவித்து, இடுப்பில் பிடித்துத் தூக்கி வேனுக்குள் வைத்துக் கதவை இழுத்து மூடினார். நான் நிம்மதியாகக் கை காட்டினேன். எதிர்வீட்டிலிருந்து அதை யாராவது படம் எடுத்திருந்தால் அதுவும் இதே வீடியோதான் கண்ணா. அழுகிற பிள்ளை மட்டும் நீ.

நீ அவரை அடையாளம் தெரியாமல்தான் போட்டாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டாய் என்றும் தெரியும். ஆனால் அங்கேதான் எனக்குக் கலக்கம். தெரியாத மனிதராக இருந்தால் போடலாம் என்பதுதானே அதற்கு அர்த்தம்? அன்றைக்கு நீ எனக்கு லிங்க் அனுப்பி, "ம்மா, நான் போட்டது, எங்க போர்ட்டல்லயே இதுதான் இப்ப டாப்" என்று எழுதியிருந்தாய். செய்தியில் உன் பெயர் இல்லை. "நமது நிருபர்" என்றுதான் இருந்தது. "கிள்ளானில் சிறுமி கடத்தலா? வெள்ளை வேன் ஆசாமி யார்?" என்று தலைப்பு. கீழே மூன்று வரி. யாரிடமும் கேட்டதாக அந்த மூன்று வரியில் ஒன்றும் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. என் மகன் எழுதியது என்பது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. உடனே என் வகுப்புப் பெற்றோர் குழுவில், "எல்லாரும் கவனமாக இருங்கள்" என்று மேலே ஒரு வரி சேர்த்துப் போட்டேன். டீச்சர் அனுப்பினால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள். நீ போட்டாய் என்று நான் நம்பினேன், நான் அனுப்பினேன் என்று அவர்கள் நம்பினார்கள். அந்தப் பள்ளிக்கு ஒரு போன் செய்து கேட்டவர் நம்மில் ஒருவரும் இல்லை.

நான் ஆறாம் ஆண்டு படித்தபோது நடந்த ஒன்றை உனக்கு இதுவரை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மாணவர் பக்கம் வரும். எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கிய செய்தியை அழகான கையெழுத்தில் எழுதி, தலைப்பும் நானே வைத்து, தபாலில் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அடுத்த வாரம்தான் வந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற அக்கா எங்கள் தலைமை ஆசிரியருக்குப் போன் செய்து, இப்படி ஒரு போட்டி நடந்ததா, இந்தப் பிள்ளைதான் ஜெயித்தாளா, பெயர் சரியா என்றெல்லாம் கேட்டாராம். எனக்கு அவ்வளவு அவமானம். நான் என்ன பொய்யா எழுதுவேன் என்று வீட்டில் வந்து அழுதேன். என் அப்பா, "உன்னை நம்பலன்னு இல்ல லா. படிக்கிறவங்களுக்காகக் கேட்டிருக்காங்க" என்றார். அப்போது எனக்கு அது சமாதானமாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துப் பேப்பர் எல்லாம் சத்தியம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் பேப்பர் எந்தத் தலைவரின் படத்தை முதல் பக்கத்தில் போடும் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். அரசியல் பக்கத்தை என் அப்பா பாதி நம்பிக்கையோடுதான் படிப்பார். ஆனாலும் ஒரு பள்ளிப் பிள்ளையின் பேச்சுப்போட்டிக்குக்கூட யாரோ போனை எடுத்திருக்கிறார்கள். உன் அலுவலகத்தில் ஆளுக்கு இரண்டு போன் இருக்கிறது.

இன்னொன்றும் என்னைப் பயமுறுத்துகிறது. தண்ணீர்க் கதை உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வாரத்துக்குத் தண்ணீர் வராது என்று ஒரு தகவல் சுற்றி வந்து, நான் வீட்டில் இருந்த வாளி, அண்டா, பிரியாணிச் சட்டி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன். குழாய் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நீ என்னை எவ்வளவு கேலி செய்தாய். அடுத்த முறை உண்மையான அறிவிப்பு வந்தபோது அப்பா, "எல்லாம் ஃபேக்கு" என்று படிக்காமலே அழித்தார். அந்த முறை சொட்டுத் தண்ணீர் இல்லாமல், குளிப்பதற்கு உன் மாமா வீட்டுக்குப் போனோம். அது சிரிக்கிற கதை. ஆனால் அப்பா அன்றைக்குப் பிறகு எதைக் காட்டினாலும் "ஃபேக்கு" என்கிறார். வெள்ள எச்சரிக்கை என்றாலும் அதே வார்த்தை, காய்ச்சல் தடுப்பூசி என்றாலும் அதே வார்த்தை. நீ மாதக்கணக்காக அலைந்து எழுதிய ஜெஞ்சாரோம் குப்பைக் கிடங்குச் செய்தியை அவரிடம் காட்டினேனே, அதற்கும் அதைத்தான் சொன்னார். நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. நீ நேரில் போய், காலில் சேறு ஒட்ட நின்று எழுதியது அது. அதை உன் அப்பாவே நம்பவில்லை. வேன் செய்தியை ஊரே நம்பியது.

நேற்று போனில் அந்த வேன்காரர் யார் என்று நான் சொன்னதும், "அய்யோ, நம்ம அங்கிளாம்மா?" என்றாய். அந்தக் குரலில் நீ என் பிள்ளைதான் என்று இருந்தது. ஆனால் பிறகு, "அந்தப் போஸ்ட்ட அன்னைக்கே எடுத்துட்டோமேம்மா" என்றாய். "எல்லாரும் போட்டாங்க, நாங்க மட்டும் சும்மா இருக்க முடியுமா? பத்து நிமிஷம் லேட்டானா அது செத்த நியூஸ்மா" என்றாய். "திருத்தம் போட்டா நாமளே மாட்டிக்கிற மாதிரின்னு பாஸ் சொல்லிட்டாரு. கல்யாணம் முடியட்டும், பாக்கலாம்" என்றாய். உன் பயம் எனக்குப் புரிகிறது. வீட்டுக் கடனில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். வேலை போனால் என்ன செய்வது என்று நீ நினைப்பதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்துவிட்டோம் என்கிறாயே, எதை எடுத்தீர்கள்? தலைப்பைப் படம் பிடித்து வைத்திருக்கிறவர்கள் இன்னமும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் எடுத்தபோது கூடவே போனது என்ன தெரியுமா? அந்தத் தாதி உங்கள் போஸ்டுக்குக் கீழேயே, "இது என் மகள், தயவுசெய்து நீக்குங்கள், இவர் எங்கள் வேன் அங்கிள்" என்று எழுதியிருந்தாராம். வேன் அங்கிள் மனைவி சொன்னார். உண்மை உங்கள் செய்திக்குக் கீழேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேர்த்து அழித்துவிட்டீர்கள்.

நான் என் பங்கைச் செய்து பார்த்தேன். அவர் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலையில் பெற்றோர் குழுவில், நான் அனுப்பிய செய்தி தவறு, அவர் நல்ல மனிதர், எனக்குப் பல வருஷமாகத் தெரிந்தவர், மன்னியுங்கள் என்று எழுதினேன். இரண்டு மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். உடனே ஒருவர் கேரிபாப் பலகாரத்துக்கு ஆர்டர் எடுக்க ஆரம்பித்தார், எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஒரு தாய் மட்டும், "டீச்சர், அப்ப அந்த நியூஸ் போட்டது யாரு?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் ஜெஞ்சாரோம் அத்தைக்குப் போன் செய்து, இன்ன வேன் வரும், தயாராக இருங்கள் என்று சொன்னேன். வண்டி எண்ணைக் கேட்டதும், "அய்யோ அண்ணி, அந்த வேனா? அதுலயா எங்கள ஏறச் சொல்றீங்க? புள்ளைங்கள வச்சுக்கிட்டு? நாங்க கிராப் டாக்சி புடிச்சு வந்துடுறோம் லா" என்றார். அது பொய்ச் செய்தி என்று எவ்வளவோ சொன்னேன். உன் அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பொய்னா ஏன் அண்ணி எதுலயும் போடல? கடத்தல்னு வந்துச்சு. இல்லன்னு வரலையே."

அதனால்தான் கல்யாணம் முடியட்டும் என்று என்னால் காத்திருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வேன் காலியாக வந்து மண்டபத்து வாசலில் நிற்கக்கூடாது. நீ மாலை போட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் அவர் ஓரமாக, யாரும் ஏறாத வேனைப் பூட்டிவிட்டு வந்து, உன்னை வாழ்த்திவிட்டுப் போவார். அவர் அப்படித்தான் செய்வார். அதை நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

நீ செய்ய வேண்டியது என்னவென்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். கொமுட்டர் ரயில் ஏறி வா. முதலில் அவர் வீட்டுக்குப் போ, எங்கள் வீட்டுக்கு அப்புறம் வரலாம். அந்தச் செய்தியைப் போட்டது நான்தான் என்று அவரிடம் சொல். அவர் கோபித்துக்கொண்டால் கேட்டுக்கொள். அந்தத் தாதியிடம் பேசு, ஸ்டேஷனில் கேள், பள்ளியில் கேள், அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய எல்லாவற்றையும் இப்போது கேள். பிறகு எழுது. மூலையில் ஒரு வரியாகப் போடாதே, அன்றைக்குப் போட்ட அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில் போடு. "நமது நிருபர்" என்று போடாமல் உன் பெயரைப் போடு. அதை முதலில் நீயே எழுத வேண்டும் என்பதும், இந்தக் கடிதத்தில் உன் பெயரை நான் எழுதாமல் விட்டதற்கு ஒரு காரணம். உன் முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால், உன் சொந்தப் பக்கத்தில் போடு. வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் ஆகாது என்று உனக்கு ஆறுதல் சொன்னால் அதுவும் விசாரிக்காமல் போடுகிற செய்திதான். ஆனால் ஆகிவிட்டால், நீயும் உன் மனைவியும் இந்த வீட்டில் வந்து இருங்கள், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். அவர் வேறொன்றும் சொன்னார். "அவன் எழுதினா நான் படிக்கிறேன்னு சொல்லு" என்றார். அவர் அப்படிச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் வேனுக்கு நேரம் சொல்ல நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். துண்டு இன்னமும் அங்கேதான் தொங்கும் என்று நினைக்கிறேன். கோப்பி கொடுத்துவிட்டு அவர், "டீச்சர், தம்பிகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்பார். சொல்லிவிட்டேன் என்று உண்மையாகவே சொல்வேன். அடுத்ததாக அவர், "தம்பி என்ன சொன்னாரு?" என்று கேட்பார்.

அம்மா